குருட்டு மரபணு என்று ஒன்றில்லை

மாலையில் மங்கும் கண்ணுக்கு மாலைக்கண் என்று பெயரிட்டது தமிழ். அப்பெயரை இட்டவர்களுக்கு வைட்டமினும் தெரியாது. விழித்திரையின் அமைப்பும் தெரியாது. கண்டதைக் கண்டவாறு சொன்னார்கள், காணாததைச் சொல்லவில்லை. அதே மொழியில் இன்று 'குருட்டு மரபணு' என்றொரு தொடர் கூச்சமின்றி நடமாடுகிறது. மேடையில் ஒலிக்கிறது; ஏட்டில் அச்சேறுகிறது; அறிவியற் கட்டுரை எழுதும் மாணவன் அதனை அப்படியே எடுத்தாளுகிறான். மிகாத இடத்தில் ஒற்று மிகுந்ததற்காக அவனுடைய ஏட்டைச் சிவப்பு மையால் நிறைக்கும் ஆசிரியர், இத்தொடரைக் கண்டும் காணாதவர் போலக் கடந்து செல்கிறார்.

ஒரு சொல்லுக்கு இத்துணைப் பெரிய வழக்கா என்று கேட்போர் உளர். சொல்லோடு நின்றுவிடும் வழக்காயின் அதனைச் சொல்லாராய்ச்சியாளரிடம் விட்டுவிடலாம். இச்சொல்லின் பின்னே ஒரு தாய் நிற்கிறாள். பிறந்தது முதலே பார்வை மங்கிய குழந்தையைத் தோளில் சுமந்துகொண்டு, "இது யார் வழியில் வந்த வினை?" என்று உற்றார் கேட்கும் கேள்விக்கு விடை தெரியாமல் நிற்கிறாள். குருட்டு மரபணு என்று ஒன்று உண்டு எனப் படித்தவர்களே சொல்லிவிட்டால், அஃது எந்த வீட்டிலிருந்து வந்தது என்னும் விசாரணை அன்றே தொடங்கிவிடும். அவ்விசாரணையில் தீர்ப்பு எழுதப்படுவது பெரும்பாலும் மருமகள் பெயரில்தான் என்பது யாவரும் அறிந்ததே.

ஆகவே அத்தொடர் உண்மையா பொய்யா என்பதை ஒரு சான்றைக் கொண்டு ஆராய்தல் தகும். ஆர்.பி.இ.65 என்னும் மரபணுவை எடுத்துக்கொள்வோம். பரம்பரையாக வரும் பார்வையிழப்போடு தொடர்புடைய மரபணுக்களுள் இன்று உலகம் மிகுதியாகப் பேசுவது இதனைத்தான். மனித உயிரணுவில் உள்ள 23 இணைக் குரோமோசோம்களுள் முதலாவதன் குறுங்கையில் இஃது அமைந்திருக்கிறது. 533 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு புரதத்தை எவ்வாறு செய்வது என்னும் குறிப்பு இதில் உள்ளது. அப்புரதம் ஒரு நொதி. அந்நொதியின் வேலை என்ன என்பதைத் தெரிந்துகொண்டால் இதற்குக் குருட்டுப் பெயர் சூட்டியவர்கள் தலைகுனிய நேரிடும்.

கண்ணின் பின்புறச் சுவரில் விழித்திரை படர்ந்திருக்கிறது. அதில் மங்கிய ஒளியை உணரும் கோல் உயிரணுக்கள் ஏறத்தாழ 120 மில்லியன். பகலொளியையும் நிறத்தையும் உணரும் கூம்பு உயிரணுக்கள் ஏறத்தாழ 6 மில்லியன். கோல் உயிரணுவினுள் ரோடாப்சின் என்னும் ஒளியுணர் பொருள் நிறைந்திருக்கிறது. அதன் நடுவே வைட்டமின் ஏயிலிருந்து பிறந்த சிறு மூலக்கூறு ஒன்று வளைந்து உட்கார்ந்திருக்கிறது. ஒளி பட்டதும் வளைந்தது நிமிர்கிறது. அந்த நிமிர்வே பார்வையின் முதல் அசைவு. அதிலிருந்து கிளம்பும் செய்தி நரம்பு வழியே மூளையை அடைய, மனிதன் 'கண்டேன்' என்கிறான்.

இதனை வகுப்பில் விளக்க எலிப்பொறியைப் போன்ற எளிய உவமை வேறில்லை. வளைத்துக் கட்டிய பொறியின் கம்பி, எலி தொட்டதும் பட்டென்று விடுபடுகிறது. விடுபட்ட பொறி இரண்டாம் எலியைப் பிடிக்காது. யாரேனும் ஒருவர் கம்பியை மீண்டும் வளைத்துக் கட்டி வைத்தாக வேண்டும். கண்ணிலும் அவ்வாறே. நிமிர்ந்த மூலக்கூறு இருந்த இடத்தை விட்டு நீங்கி, விழித்திரைக்குப் பின்னே ஒட்டியிருக்கும் நிறமிப் படலத்துக்குச் செல்கிறது. அங்கே அதனோடு ஒரு கொழுப்பமிலம் இணைக்கப்படுகிறது. அவ்வாறு இணைந்து கிடக்கும் பொருளைப் பிரித்து, அதே செயலில் அதனை மீண்டும் வளைத்துக் கொடுக்கும் கை எதுவோ அதுவே ஆர்.பி.இ.65. வளைந்த மூலக்கூறு, மற்றொரு நொதியால் சிறு மாற்றம் பெற்று, விழித்திரைக்குத் திரும்புகிறது. பொறி மீண்டும் கட்டப்படுகிறது. ஓயாமல் நடைபெறும் இச்சுழற்சி நின்றுவிட்டால் கண்ணுக்கு முன்னே கதிரவனே வந்து நின்றாலும் பயன் சிறிதே.

இப்போது சொல்லட்டும்: பார்வையின் பொறியைக் கணந்தோறும் கட்டி வைக்கும் இந்நொதியின் மரபணுவுக்குக் குருட்டு மரபணு என்று பெயரா? வீட்டில் விளக்கு எரியாதபோது கம்பி அறுந்தது என்கிறோம்; சுவருக்குள் ஓடும் மின்கம்பிக்கு இருட்டுக்கம்பி என்று பெயர் வைப்பாருண்டோ?

பிறக்கும் ஒவ்வொரு மனிதனும் இம்மரபணுவை இரண்டு படிகளாகப் பெற்றே பிறக்கிறான், ஒன்று தந்தை வழி, மற்றொன்று தாய் வழி. இதைப் படிக்கும் கண்ணிலும் அந்த இரண்டும் உண்டு. பார்வை குன்றிய குழந்தையிடம் இருப்பது வேறொரு தீய மரபணு என்று எண்ணுவது பிழை. அதே மரபணு, எழுத்துப்பிழை நேர்ந்த படி. நல்ல நூலொன்றில் அச்சுப்பிழை நேர்ந்தால் அந்நூலைப் பிழைநூல் என்று அழைப்பதில்லையே.

அறிவியலாரே 'நோய் மரபணு' என்று எழுதுகிறார்களே, பிறகு என்ன என்பர் சிலர். ஆய்வுக்கூடத்தில் இருவர் சுருக்கமாகப் பேசிக்கொள்வது வேறு. அப்பொருளை அறியாத மக்களிடம் அதே சுருக்கத்தைக் கொண்டுவந்து கொட்டுவது வேறு. மேலும் இம்மரபணுவுக்கு அறிவியலார் உண்மையில் இட்ட பெயரைப் பார்க்க வேண்டும். 1993ஆம் ஆண்டில் அமெரிக்க அரசின் தேசியக் கண் ஆய்வு நிலையத்தில் இதனை விவரித்தவர்களுக்கு இப்புரதம் என்ன வேலை செய்கிறது என்பது தெரியாது. தெரிந்தவை இரண்டு: நிறமிப் படலத்தில் இருக்கிறது, எடை 65 கிலோடால்டன். ஆர்.பி.இ. என்பது அப்படலத்தின் ஆங்கிலப் பெயருடைய முதலெழுத்துகள். 65 என்பது எடை. அவ்வளவே பெயர். மாலைக்கண் என்று பெயரிட்ட முன்னோரின் அடக்கம் அப்பெயரிலும் இருக்கிறது. 1997இல் இம்மரபணுவின் பழுதுக்கும் குழந்தைப் பருவப் பார்வையிழப்புக்கும் தொடர்புண்டு என்று இரு குழுவினர் காட்டினர். 1998இல் இம்மரபணு நீக்கப்பெற்ற சுண்டெலிகளை ஆராய்ந்தபோது, அவற்றின் கோல் உயிரணுக்களில் ரோடாப்சின் இல்லை என்பதும், வளைக்கப்படாத மூலப்பொருள் நிறமிப் படலத்தில் தேங்கிக் கிடப்பதும் தெரியவந்தன. வளைக்கும் நொதி இதுவே என்று 2005இல் மூன்று ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே நிறுவின. பெயர் வைத்ததற்கும் தொழில் தெரிந்ததற்கும் இடையே பன்னிரண்டு ஆண்டுகள்! அதுவரை ஒருவரும் அவசரப்பட்டு அப்புரதத்தின்மேல் ஒரு தொழிலை ஏற்றிப் பெயரை மாற்றிவிடவில்லை.

இவ்விடத்தில் ஓர் அம்மையாரைப் பற்றிச் சொல்லாமல் போவது நன்றியன்று. பார்வையில் வைட்டமின் ஏயின் பங்கைக் கண்டறிந்ததற்காக ஜார்ஜ் வால்ட் 1967இல் நோபல் பரிசை வேறிருவருடன் பகிர்ந்துகொண்டார். அவருடன் பணியாற்றி, பின்னர் அவருக்கு மனைவியும் ஆன ரூத் ஹப்பார்ட், வளைந்த மூலக்கூற்றின் வேதியியலைத் துருவி ஆராய்ந்தவர். நிமிர்ந்ததை வளைக்கும் நொதியைத் தேடி 1956இலேயே கட்டுரை வரைந்தவர். பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை. அதே அம்மையார், ஆர்.பி.இ.65 விவரிக்கப்பெற்ற அதே 1993ஆம் ஆண்டில், தம் மகன் எலைஜா வால்டுடன் சேர்ந்து ஒரு நூல் வெளியிட்டார். மரபணுவைப் பற்றிய கட்டுக்கதையைத் தகர்ப்பது என்பது அந்நூலின் தலைப்புக்குப் பொருள். 'இன்ன நோய்க்கான மரபணு', 'இன்ன குணத்துக்கான மரபணு' என்று பேசும் போக்கினை அவர் அதில் சாடினார். பார்வையின் வேதியியலைத் தம் கைகளால் தொட்டறிந்தவர் வேண்டாம் என்று எச்சரித்த சொல்லைத்தான் அறிவியல் விளக்கம் என்ற பெயரால் இங்கே பரப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

தொடரின் அடுத்த பொய் அதன் ஒருமையில் இருக்கிறது. குருட்டு மரபணு என்றால் ஒன்று என்றாகிறது. ஜெர்மானியக் கண் மருத்துவர் தியோடர் லேபர் 1869இல் ஒரு நோயை விவரித்தார். பிறந்த சில திங்களுக்குள்ளேயே குழந்தையின் பார்வை மிகக் குன்றியிருக்கும். விழிகள் நிலையின்றி ஆடும். அவர் பெயரால் வழங்கும் அந்த ஒரு நோய்க்கே இருபதுக்கும் மேற்பட்ட மரபணுக்களுள் ஏதேனும் ஒன்றின் பழுது காரணமாகலாம். அவற்றுள் ஆர்.பி.இ.65 ஒரு சிறு பங்கினருக்கே காரணம். விழித்திரையைத் தாக்கும் பரம்பரை நோய்கள் அனைத்தையும் சேர்த்தால் தொடர்புடைய மரபணுக்களின் எண்ணிக்கை இருநூற்றைம்பதையும் கடந்துவிடும். இந்த வேறுபாடு ஏட்டுச் சுரைக்காய் அன்று. ஆர்.பி.இ.65க்கென வந்துள்ள மருத்துவம், வேறொரு மரபணு பழுதுபட்ட குழந்தைக்கு எள்ளளவும் பயன்படாது. எந்த மரபணு என்பதைக் குருதிச் சோதனையால் அறிந்த பின்னரே அடுத்த அடி எடுத்து வைக்க முடியும். 'குருட்டு மரபணுவாம், ஒன்றும் செய்வதற்கில்லையாம்' என்று கேட்டுவிட்டு வீடு திரும்பும் பெற்றோர் அச்சோதனைக்குப் போவதே இல்லை.

வேறு சிலர் கீரையைக் கையில் எடுத்துக்கொண்டு வருவர். மாலைக்கண்ணுக்கு முருங்கைக்கீரையும் கேரட்டும் கொடு, சரியாகிவிடும் என்பர். வைட்டமின் ஏ பற்றாக்குறையால் வந்த மாலைக்கண்ணாயின் அவர்கள் சொல்வது முற்றிலும் சரியே. அக்குறை எத்தனையோ ஏழைக் குழந்தைகளின் கண்களை உலகெங்கும் கெடுத்திருக்கிறது. கீரையும் வைட்டமின் மருந்தும் அவர்களைக் காத்திருக்கின்றன. ஆர்.பி.இ.65 பழுதுபட்ட குழந்தையின் கண்ணிலோ மூலப்பொருள் இல்லாமற்போகவில்லை, குவிந்து கிடக்கிறது. வளைக்கும் கைதான் இல்லை. தச்சன் இல்லாத பட்டறையில் மேலும் மேலும் மரத்தை இறக்கினால் நாற்காலி வந்துவிடுமா? கீரை தீங்கு செய்யாதே என்று வாதிடலாம். கீரையை நம்பிக் காத்திருந்த ஆண்டுகள் தீங்கு செய்கின்றன. ஏனெனில் ஒளியுணர் உயிரணுக்கள் ஆண்டுக்காண்டு மடிந்துகொண்டே இருக்கும். மடிந்தவற்றை எந்த மருத்துவமும் எழுப்புவதில்லை.

தாயின் மீது சுமத்தப்படும் பழிக்கு வருவோம். இம்மரபணு பாலைத் தீர்மானிக்கும் குரோமோசோமில் இல்லை. முதல் குரோமோசோமில் இருக்கிறது. ஆதலின் மகனுக்கும் மகளுக்கும் வேறுபாடில்லை. இரண்டு படிகளும் பழுதுபட்டால்தான் பெரும்பாலும் நோய் தோன்றும். அயர்லாந்தைச் சேர்ந்த குடும்பங்கள் சிலவற்றில் ஒரு குறிப்பிட்ட பிழை, ஒரு படியில் இருந்தாலே நோயை உண்டாக்குவது 2011இல் தெரியவந்தது, அது விதிவிலக்கு. ஏனைய இடங்களில் ஒரு படி நல்லதாயின் அதுவே போதிய நொதியைச் செய்துவிடும். அம்மனிதருக்குப் பார்வையில் குறையிராது. அத்தகைய இருவர் மணந்துகொள்ளும்போது ஒவ்வொரு பிள்ளைப்பேற்றிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு, குழந்தை இரண்டு பழுதுபட்ட படிகளையும் பெறுவதற்கு. தந்தை கொடுத்தது ஒன்று. தாய் கொடுத்தது ஒன்று. சரிபாதி. மருமகளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் குடும்பம், நீதியென்று ஒன்று இருக்குமாயின், தன் மகனையும் பக்கத்தில் நிறுத்த வேண்டும். அதற்கு எந்த வீடும் உடன்படுவதில்லை. உண்மையில் இருவரும் குற்றவாளிகள் அல்லர். தம்மிடம் அப்படி ஒரு படி இருந்ததென்று இருவருக்குமே தெரியாது.

நான்கில் ஒன்று என்னும் கணக்கையும் பலர் தவறாகவே புரிந்துகொள்கின்றனர். முதற்குழந்தை பார்வையின்றிப் பிறந்துவிட்டது, ஆகவே அடுத்த மூன்றும் நலமாகப் பிறக்கும் என்று ஆறுதல் கூறுவாருண்டு. காசைச் சுண்டுபவன் முதல் தடவை பூ விழுந்ததைக் காசு நினைவில் வைத்திருக்கும் என்று நம்புவதைப் போன்றது இது. ஒவ்வொரு தடவையும் அதே நான்கில் ஒன்றுதான்.

உறவில் மணம் முடித்தலைப் பற்றி வாய் திறந்தால் இரு பக்கத்திலிருந்தும் கல் வரும். வரட்டும். மாமன் மகள், அத்தை மகள், அக்காள் மகள் என்று கொண்டுகொடுக்கும் வழக்கம் தமிழரிடையே நெடுங்காலமாக உண்டு. ஒருவனிடம் பழுதுபட்ட படி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவனுடைய அக்காளிடமும் அதே படி இருக்கும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. அக்காள் மகளிடம் இருக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. மாமன் மகளிடமோ அத்தை மகளிடமோ இருக்கும் வாய்ப்பு எட்டில் ஒன்று. ஆகவே அக்காள் மகளை மணந்தால் அவனுக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையும் அந்நோயைப் பெறும் வாய்ப்பு பதினாறில் ஒன்று. மாமன் மகளை மணந்தால் முப்பத்திரண்டில் ஒன்று. இத்தகைய அரிய பழுது உறவல்லாத பெண்ணிடம் இருக்கும் வாய்ப்போ மிகமிகச் சிறியது. இக்கணக்கை மறைத்து, முன்னோர் செய்ததில் தவறே இருக்க முடியாது என்று மார்தட்டுவோர் தம் பேரப்பிள்ளைகளுக்குத் துரோகம் செய்கின்றனர்.

எனினும் எதிர்ப்பக்கத்தாரும் அடங்கிப் பேச வேண்டும். உறவுமணம்தான் இந்நோயை உண்டாக்குகிறது என்பதும் பொய். உறவுமணம் புதிதாக எந்தப் பிழையையும் எழுதுவதில்லை. ஏற்கெனவே இருக்கும் பிழைகள் இரண்டும் ஒரே குழந்தையிடம் வந்து சேரும் வாய்ப்பைக் கூட்டுகிறது. உறவில் மணப்பதை அறவே விலக்கிய மேலைநாட்டுக் குடும்பங்களிலும் இந்நோய் உண்டு. பார்வையற்ற குழந்தையின் பெற்றோரிடம் சென்று, 'சொந்தத்தில் கட்டினீர்களா?' என்று முதல் கேள்வியாகக் கேட்கும் அறிவாளி, அறிவியலின் பெயரால் பழைய பஞ்சாயத்தையே நடத்துகிறான். கணக்கைத் திருமணத்துக்கு முன்பு சொல்வது கல்வி. பிறந்த குழந்தையின் தொட்டிலருகே நின்று சொல்வது கொடுமை.

இனி மருத்துவம். இவ்வரலாற்றில் நாய்களுக்குச் சிறப்பிடம் உண்டு. பிரியார்ட் என்னும் இனத்தைச் சேர்ந்த நாய்கள் சில, இதே மரபணுவில் நான்கு எழுத்துகள் விடுபட்டமையால் பார்வை குன்றிப் பிறந்தன. 2001இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அத்தகைய நாய்கள் மூன்றின் விழித்திரைக்கு அடியில், தீங்கற்ற வைரஸ் ஒன்றினுள் நல்ல படியை ஏற்றிச் செலுத்தினர். நாய்களுக்குப் பார்வை கிடைத்தது. அவற்றுள் லான்சலட் என்னும் பெயருடைய நாய் வாஷிங்டனில் மக்கள் பிரதிநிதிகளிடம் கொண்டுபோய்க் காட்டப்பட்டது. 2007இல் மனிதர்களிடம் முதற்சோதனைகள் தொடங்கின. இலண்டனிலும் பிலடெல்பியாவிலும் தலா மூவருக்குச் செய்த சோதனையின் விளைவுகள் 2008இல் வெளிவந்தன. 2017 டிசம்பரில் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு லக்ஸ்டர்னா என்னும் பெயரில் இம்மருத்துவத்துக்கு ஒப்புதல் அளித்தது. ஒரு கண்ணுக்குச் செலுத்துவது 0.3 மில்லிலீட்டர், சில துளிகள்.

அதன் பயனை அளந்த முறை ஆசிரியர்களின் கருத்தைக் கவரத்தக்கது. எழுத்துப் பலகையை மட்டும் நம்பாமல், தரையில் அம்புக்குறிகளும் தடைகளும் அமைத்த வழியொன்றில் நோயாளியை நடக்கவிட்டனர். 400 லக்ஸ், அதாவது அலுவலக அறையின் ஒளி முதல், 1 லக்ஸ், அதாவது நிலவற்ற கோடை இரவின் ஒளி வரை ஒளியைக் குறைத்துக்கொண்டே சென்றனர். மருத்துவம் பெற்ற 20 பேரில் 13 பேர் அந்த மிகக் குறைந்த ஒளியிலும் வழியைக் கடந்தனர். பெறாதவர்களில் ஒருவரும் கடக்கவில்லை. பெரிய வெற்றி என்பதில் ஐயமில்லை.

உடனே 'பிறவிக் குருடர்க்குக் கண் கொடுத்த அற்புதம்' என்று கொட்டை எழுத்தில் தலைப்பிட்டவர்களை என்னென்பது! நேற்று ஒன்றும் செய்வதற்கில்லை என்றவர்கள், இன்று எல்லாம் முடிந்துவிட்டது என்கின்றனர். இம்மருத்துவம் உயிரோடிருக்கும் உயிரணுக்களுக்கே பயன்படும். நல்ல படியைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறதே அன்றி, கெட்ட கண்ணை எடுத்துவிட்டுப் புதுக்கண்ணை வைப்பதில்லை. முன்னோடிச் சோதனைகளில் பங்கேற்ற சிலருக்கு முதலில் கூடிய பார்வை, சில ஆண்டுகளில் மீண்டும் குறையத் தொடங்கியதை 2015இல் இரு குழுவினர் வெளிப்படையாகவே எழுதினர். பயன் பல ஆண்டு நிலைத்திருப்பதை மற்றொரு குழுவினர் காட்டியுள்ளனர். ஆய்வாளர்கள் இத்துணை நேர்மையோடு தம் குறையைத் தாமே எழுதும்போது, ஊரான் வெற்றிக்கு இங்கிருப்போர் முரசு அறைவது எதற்காக?

முரசறைவோர் விலையை மட்டும் மெல்லிய குரலில் சொல்வர். ஒரு கண்ணுக்கு 425,000 அமெரிக்க டாலர். இரு கண்களுக்கும் 850,000 என்று 2018 தொடக்கத்தில் அறிவிக்கப்பட்டது. அன்றைய மதிப்பில் மலேசிய வெள்ளிக்கு மாற்றினால் மூன்று மில்லியனுக்கும் மேல். தோட்டத்திலோ ஆலையிலோ உழைக்கும் குடும்பம் மூன்று தலைமுறைக்குக் குருவி சேர்ப்பதுபோல் சேர்த்தாலும் எட்டாத தொகை. நோயாளிகள் மிகச் சிலர், ஆராய்ச்சிச் செலவோ மிகப் பெரிது, வேறென்ன செய்ய முடியும் என்று விற்போர் தரப்பில் வாதம் எழும். அவ்வாதத்தில் ஓரளவு நியாயம் இல்லாமல் இல்லை. அமெரிக்காவிலேயே இந்நோயினர் ஓரிரு ஆயிரவர்தாம். ஆயிரவர்க்குச் செய்யும் மருந்தை மில்லியன்பேருக்குச் செய்யும் மருந்தின் விலைக்கு விற்க முடியாது. பயன் தராவிடில் பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தருவதாகவும் காப்புறுதி நிறுவனங்கள் சிலவற்றோடு ஏற்பாடு செய்தனர்.

ஆனால் கணக்கின் மறுபக்கத்தையும் எழுதித்தான் ஆகவேண்டும். இம்மரபணுவைக் கண்டு விவரித்தது அரசின் ஆய்வு நிலையம்; குடிமக்களின் வரிப்பணம். அரிய குழந்தை நோய்க்கு மருந்து கொண்டுவந்தமைக்காக அமெரிக்க அரசு அந்நிறுவனத்துக்கு ஒரு முன்னுரிமைச் சீட்டு வழங்கியது; வேறொரு மருந்தை விரைவாகப் பரிசீலிக்கச் செய்யும் உரிமைச் சீட்டு அது. அச்சீட்டை மட்டும் 2018இல் வேறொரு நிறுவனத்துக்கு விற்று 110 மில்லியன் டாலர் பெற்றனர். 2019இல் அந்நிறுவனம் முழுவதையும் சுவிட்சர்லாந்தின் ரோஷ் நிறுவனம் ஏறத்தாழ 4.3 பில்லியன் டாலருக்கு வாங்கியது. அரிய நோய் என்பதால் இழப்பு என்று கண்ணீர் வடிப்போர் இத்தொகைகளையும் சேர்த்துச் சொல்லட்டும்; அப்புறம் வழக்கைக் கேட்கலாம். குருட்டு மரபணு என்னும் சொல் இங்கேயும் தன் வேலையைச் செய்கிறது. குறை குழந்தையின் விதியில் எழுதப்பட்டது என்று ஒப்புக்கொண்ட சமூகம், மருந்தின் விலை எவ்வாறு வந்தது என்று கேட்க நினைப்பதில்லை. விதிக்கு விலைப்பட்டியல் ஏது?

வகுப்பறைக்குத் திரும்புவோம், இவ்வழக்கில் உடனே செய்யக்கூடியது அங்கேதான் இருக்கிறது. இம்மரபணு பழுதுபட்ட குழந்தைகள் அனைவரும் பிறந்ததிலிருந்தே முற்றாகக் காணாதவர்கள் அல்லர். சிலர் நல்ல வெளிச்சத்தில் ஓரளவு காண்கின்றனர், பள்ளிக்கும் வருகின்றனர். மழை இருட்டிய நாளில் அதே குழந்தை பலகையைப் பார்த்து எழுத முடியாமல் திணறுகிறது. பகலில் ஓடியாடிய பிள்ளை, அந்தி சாய்ந்ததும் வாசற்படியில் இடறி விழுகிறது. கைக்குழந்தையாக இருந்தபோது விளக்கையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்ததையும், விரல் முட்டியால் கண்ணை அழுத்திக்கொண்டே இருந்ததையும் தாயைக் கேட்டால் சொல்வாள். காலையில் எழுதியவன் மாலை வகுப்பில் எழுதவில்லை என்றால் சோம்பேறி என்றும், கவனமற்றவன் என்றும், வேண்டுமென்றே நடிக்கிறான் என்றும் அறிக்கைப் புத்தகத்தில் எழுதிவிடுவது எளிது. அவ்வாறு எழுதும் கை, குருட்டு மரபணு என்று பேசும் வாயைக் காட்டிலும் எவ்வகையிலும் உயர்ந்ததன்று.

அப்பிள்ளையைக் கண் மருத்துவரிடம், விழித்திரை நோய் அறிந்தவரிடம், அழைத்துப் போகுமாறு பெற்றோரிடம் எடுத்துரைக்க வேண்டும். தாயிடம் தனியாகச் சொல்லாமல் தந்தையையும் வரவழைத்து இருவரிடமும் ஒருங்கே சொல்வது நல்லது. மருத்துவர் மரபணுச் சோதனை வேண்டும் என்றால் அஃது ஏன் என்பதை மேலே கண்டவாறு எளிய தமிழில் விளக்க வேண்டும், எலிப்பொறி போதும். சோதனையின் முடிவு வரும்வரையிலும், வந்த பின்னரும், அந்தப் பிள்ளையின் மேசையைச் சன்னலோரம் நகர்த்திப் போட வேண்டும். மழை நாளில் வகுப்பின் விளக்குகளைக் காலையிலேயே போட்டுவிட வேண்டும்.